தட்டு சாகக்கூடாது

மர்ம நாவல் எல்லாம் ஒரே கதைதானே என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் பயணத்தில் முக்கால் புத்தகம் படித்துவிட்டு, இறங்கும் இடம் வந்ததும் அதை இருக்கையிலேயே போட்டுவிட்டுப் போகிறவர்கள். கொலைகாரன் யார் என்றே தெரியாது, கருத்து மட்டும் கைவசம் இருக்கும். நான் அந்தக் கடைசி இருபது பக்கங்களை மாதத்துக்கு மூன்று முறை படிக்கிறவள். மர்ம நாவல் மட்டுமே போடும் ஒரு சின்னப் பதிப்பகத்தில் இருபத்தாறு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். அங்கே எனக்குப் 'புரூஃபம்மா' என்றே பெயராகிவிட்டது.

எங்கள் நாவல்கள் எல்லாவற்றையும் எழுதியவர் ஒரே ஆள். நான் அவரை சார் என்பேன். மாதம் ஒரு நாவல், நூற்றிருபது பக்கம், ஒன்பது நாளில் முடித்துவிடுவார். இருபத்தாறு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு நாவல். மாதத்தின் மீதி நாட்களில் அடுத்த கொலையை யோசித்துக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லாருக்கும் இடைஞ்சல் கொடுப்பார் என்று அவர் மனைவி தொலைபேசியில் அலுத்துக்கொள்வார்.

அவர் எழுதும் முறையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கையெழுத்துப் பிரதியில் ஒரு பெயர்கூட இருக்காது. "பேருக்காகப் பேனாவை நிறுத்தினா பிணம் ஆறிடும்மா" என்பார். பெயர் வர வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, அதற்குள் அந்த ஆள் என்ன ரகம் என்று மட்டும் எழுதியிருப்பார். கட்டத்தை அடித்துவிட்டுப் பெயர் வைப்பது என் பொறுப்பு. புரூஃப் பார்க்க வந்தவள் முதல் வாரமே பத்துப் பேருக்குப் பெயர் சூட்டினேன், அதில் மூன்று பேர் செத்துப்போனார்கள்.

ரகங்கள் மொத்தம் ஏழு. துப்பறிகிறவர் 'துப்பு'. அவர் பின்னாலேயே சுற்றி அசட்டு ஜோக் அடிக்கும் உதவியாளர் 'வால்'. கதை தொடங்க வேண்டும் என்பதற்காகவே சாகிறவர் 'முதல் பக்கம்'. எப்போதும் அவசரத்தில் இருந்துகொண்டு, நிமிடத்துக்கு ஒருதரம் மணிக்கட்டைப் பார்த்து, அத்தனை பேருடைய சந்தேகத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசிக்கு முந்திய பக்கத்தில் தங்கமான பிள்ளை என்று தெரியவருகிறவன் 'வாட்ச்'. எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே கழுத்தை நெரிக்கிற ஆள் 'சிரிப்பு'. வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள், பெயரும் வசனமும் தேவைப்படாதவர்கள் எல்லாம் 'கூட்டம்'.

ஏழாவது ரகம் 'தட்டு'. பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் டீயோடு வந்து, வைத்துவிட்டுப் போகிற ஆள். ஒரு நாவலில் வீட்டு வேலை செய்யும் பெண், இன்னொன்றில் அலுவலகத்து ஊழியர், ஒன்றில் கப்பலில் பரிமாறுகிறவள். மேசை நாற்காலி முன்னால் பேசுவதுபோல எல்லாரும் அவள் முன்னால் ரகசியம் பேசுவார்கள். கடைசியில் துப்பு எட்டுப் பக்கம் விளக்கம் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த எட்டுப் பக்கத்துக்கும் ஆதாரமான ஒரு சாவியை, ஒரு கிழிந்த சீட்டை, சில சமயம் ஒரே ஒரு வார்த்தையைத் தட்டுதான் கொண்டுவந்து வைத்திருக்கும்.

வேலையில் சேர்ந்த அன்று சார் எனக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். அதில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. "யாருக்கு என்ன பேர் வேணும்னாலும் வச்சுக்கோம்மா. இந்தப் பேரை மட்டும் யாருக்கும் வச்சுடாதே. கூட்டத்துல நிக்கிறவளுக்குக்கூட." சீட்டை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அது அவர் மனைவியின் பெயர் என்று இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆயிரம் கொலை எழுதுகிற மனிதருக்கு வீட்டில் இவ்வளவு பயமா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது பயம் என்றே இருபத்தாறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், என்னையும் புத்திசாலி என்று நாலு பேர் சொல்கிறார்கள்.

முந்நூற்றுப் பதின்மூன்றாவது நாவலின் நாற்பதாம் பக்கத்தில் சார் எழுதிக்கொண்டிருந்த நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். மூளையில் ரத்த அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பதினோராம் நாள் அவர் மகன் எனக்கு போன் செய்தான்.

"ஆன்ட்டி, அப்பாவை ஒருதரம் வந்து பாத்துட்டுப் போயிடுங்க. யாரையும் அடையாளம் தெரியல. ஏதேதோ உளர்றாரு. எனக்கு நேரமே இல்ல, வெச்சிடறேன்."

காலை பத்தே முக்காலுக்கு மருத்துவமனைக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில். தலைமாட்டில் சார் பெயர் எழுதிய அட்டை. அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகன் கால்மாட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி போனில் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சார் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. பெரும்பாடு பட்டு ஒரு சொல்லை வெளியே தள்ளினார்.

"தட்டு."

பக்கத்துக் கட்டிலருகே நின்ற நர்ஸ் ஓடி வந்து அவரை ஒருக்களித்துப் பிடித்து முதுகில் தட்ட ஆரம்பித்துவிட்டார். "நெஞ்சுல சளி இருக்கு, அதான் தட்டச் சொல்றாரு. தினம் இப்படித்தான் சொல்றாருங்க." சார் இடது கையை உதறினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நானும் சாப்பாட்டுத் தட்டுன்னு நெனச்சேன்" என்றார் அக்கா என்னிடம். "வீட்ல இருக்கிற தட்டெல்லாம் ஒவ்வொண்ணா கொண்டாந்து காட்டிட்டேன். எல்லாத்தையும் தள்ளி விட்டுட்டாரு. இவன் போய்க் கதவைத் தட்டிப் பாத்தான். என்னன்னே புரியல."

அப்போது வார்டு டாக்டர் வந்தார். எல்லாக் கட்டிலுக்கும் ஒரு புன்னகை வைத்திருப்பவர். அவரைப் பார்த்ததும் சாரின் உடம்பு விறைத்தது. போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சிரிப்பு" என்றார்.

"பாத்தீங்களா, என் சிரிப்பு அவருக்குப் பிடிச்சிருக்கு" என்று டாக்டர் பூரித்துப்போய் அவர் கழுத்தில் நாடி பார்க்கக் குனிந்தார். சார் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக்கொண்டார்.

மகன் போனை அணைத்துவிட்டு வந்தான். சார் அவனைப் பார்த்து "வாட்ச்" என்றார். "மணி பதினொண்ணுப்பா" என்றான் அவன், பொறுமையாக, நூறாவது முறை சொல்பவனைப்போல.

உளறல் இல்லை. அந்த மனிதர் ஒரு வார்த்தைகூட உளறவில்லை. மனைவி பெயர், மகன் பெயர், தன் பெயர், எல்லாப் பெயரும் அழிந்துபோன ஒரு மண்டைக்குள் அவருடைய ஏழு கட்டங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. அதை வைத்துக்கொண்டு அவர் கண்ணெதிரே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய ஒன்றை நான் அதற்கு முன் அருகில் நின்று பார்த்ததில்லை.

அன்று மதியம்தான் விஷயத்தின் தீவிரம் எனக்குத் தெரிந்தது. அந்த மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, பன்னிரண்டே கட்டில். அதற்குப் பொறுப்பான பெண்மணி கொண்டையில் பென்சிலைச் செருகியிருப்பார், முகத்தில் ஒரு உணர்ச்சியும் காட்டமாட்டார். மனதுக்குள் அவருக்குப் பென்சில் என்று பெயர் வைத்தேன். பழக்கதோஷம்.

"எதிர்ல இருக்கிறது யாருன்னு உள்ளுக்குள்ள தெரியணும், வார்த்தை மட்டும் வராம இருக்கணும். அப்படிப்பட்டவங்களுக்குத்தான் பயிற்சி பலன் கொடுக்கும்" என்றார் பென்சில். "இவருக்கு ஒருதரம் சோதனை வச்சாச்சு. தேறல. நாளைக்குப் பத்து மணிக்கு இன்னொரு தரம் வைப்பேன். அதுதான் கடைசி. அடுத்தவங்க காத்திருக்காங்க."

தேறாவிட்டால் என்ன என்று கேட்டேன். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் இடம் சொல்லி வைத்திருக்கிறான், இரண்டு மணி நேரப் பயணம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்கலாம். அக்கா பிளாஸ்க் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நான் பென்சிலைத் தாழ்வாரத்தின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போய் ஏழு ரகங்களையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "வருத்தப்படாதீங்க. ஒருத்தர்கிட்ட நாலு வார்த்தைதான் மிச்சம்னா, வீட்டு மனுஷங்க அந்த நாலுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுடுவாங்க. எல்லாக் குடும்பத்துலயும் இது நடக்குது" என்றார்.

"நான் குடும்பம் இல்ல. புரூஃப் பாக்கிறவ. தப்பு கண்டுபிடிக்கிறதுதான் என் பிழைப்பு."

எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பென்சில் என் பக்கம் திரும்பினார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, ஒரு தாளில் ஆறு வரிகள் எழுதினார். மகன். மனைவி. வார்டு டாக்டர். டீ கொண்டு வரும் ஊழியர். கண்ணாடியில் தெரியும் சாரே. கடைசியில் நான்.

"ஒவ்வொருத்தரையும் பாத்து அவர் என்ன சொல்லுவாருன்னு இப்பவே எழுதுங்க. மடிச்சுக் குடுங்க. நாளைக்குப் பாப்போம்."

நாலாவது வரியைப் படித்ததும் இந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை என்று புரிந்தது. கையில் நிஜத் தட்டோடு வரும் ஊழியரைப் பார்த்தும் சார் 'தட்டு' என்று சொல்லிவிட்டால், அது வெறும் தட்டு. என் கதை முடிந்தது, அவர் கதையும் முடிந்தது. மகனுக்கு வாட்ச் என்றும், டாக்டருக்குச் சிரிப்பு என்றும் எழுதினேன். கண்ணாடிக்கு நேரே 'முதல் பக்கம்' என்று எழுதினேன், இந்தக் கதையில் விழுந்து கிடப்பவர் அவர்தானே. மனைவிக்குத் தட்டு. டீ கொண்டு வருவதால் மட்டும் ஒருத்தி தட்டு ஆகிவிடமாட்டாள், சாவியையும் கொண்டுவர வேண்டும் என்று நம்பி, ஊழியருக்குக் 'கூட்டம்' என்று எழுதினேன். சார் என் பக்கம் திரும்பவே இல்லை, அதனால் எனக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. துப்பு என்று எழுத ஆசைதான். நம்முடைய லட்சணம் நமக்குத் தெரியாதா, அதிலும் 'கூட்டம்' என்றே எழுதி மடித்துக் கொடுத்தேன்.

திரும்பினால் அக்கா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"தட்டுன்னா யாரு?"

யோசித்துப் பேசியிருக்க வேண்டும். என் வாயில் சனி. "டீ கொண்டு வந்து வச்சுட்டுப் போறவ, அக்கா. எல்லா நாவல்லயும் வருவா."

அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றைக்கூட அவர் படித்தவரில்லை, ரத்தம் என்றால் ஆகாது. "முப்பத்தி நாலு வருஷம்" என்றார் மெதுவாக. "கடைசியில அவருக்கு நான் டீ கொண்டு வர்றவ. அதுதான் ஞாபகத்துல நிக்குது. நல்லா இருக்கு." பிளாஸ்க்கைப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு நான் வரல. நீங்களே பாத்துக்கோங்க."

மனைவி இல்லாமல் அந்தச் சோதனைக்கு அர்த்தமே கிடையாது. படிக்கட்டுவரை பின்னாலேயே ஓடினேன். நடுவழியில் அவரை மறித்துப் படியில் உட்காரவைத்து, நூற்று நாற்பத்தேழாவது நாவலின் கதையைச் சொன்னேன். அதில் நான் செய்த தப்பை யாரிடமும் சொல்வதில்லை. அந்த நாவலில் இரண்டு பெண்களுக்கு ஒரே எழுத்து வித்தியாசத்தில் பெயர் வைத்துவிட்டேன். ஒருத்தி மாடியிலிருந்து தள்ளிவிடப்படுகிறவள், இன்னொருத்தி தட்டு. புரூஃபில் ஓரிடத்தில் மாற்றித் திருத்தினேன். அறுபத்தோராம் பக்கத்தில் தட்டு செத்துவிட்டது, தொண்ணூறாம் பக்கத்தில் டீயோடு வந்து நின்றது. பதிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார், ஆவி என்று விளம்பரம் செய்துவிடலாம் என்றார்.

சார் மட்டும் சிரிக்கவில்லை. கிடங்கில் மீந்திருந்த ஆயிரத்துச் சொச்சம் பிரதிகளையும் இறக்கச் சொன்னார். சரியான பெயரைச் சின்னச் சின்னச் சீட்டில் அச்சடித்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாலு நாள் ஒவ்வொரு பிரதியிலும் தன் கையால் ஒட்டினார். நான் உதவிக்குப் போனபோது விடவில்லை.

"என்ன சொன்னாருன்னு கேளுங்க அக்கா. 'மத்தவங்க யார் செத்தாலும் பரவாயில்லம்மா. துப்பே செத்தாலும் சரி. தட்டு சாகக்கூடாது. அவ இல்லன்னா எனக்கு முடிவு கிடைக்காது'ன்னாரு. நான் கதையோட முடிவைச் சொல்றாருன்னு நெனச்சேன்."

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "டீ வைக்கப் போனா சில நாள் ஏதாவது கேப்பாரு" என்றார். "தலையைத் தூக்கமாட்டாரு. 'ஒருத்தி பொய்யா அழறான்னு எப்படிக் கண்டுபிடிப்பே?'ன்னு கேப்பாரு. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு வந்துடுவேன்."

"என்ன சொன்னீங்க?"

"திடீர்னு சாவுச் செய்தி கேட்டவ அடுப்பை அணைக்க மறந்துடுவா. அணைச்சு வச்சுட்டு வந்து அழறவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

அணைக்கப்பட்ட அந்த அடுப்பை நான் புரூஃப் பார்த்திருக்கிறேன். எண்பத்தெட்டாவது நாவல், நூற்றுப் பதினொன்றாம் பக்கம். வாசகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதிய முடிவு அது. இன்னும் என்னவெல்லாம் சொன்னீர்கள் என்று கேட்டேன். மழையில் வந்ததாகச் சொன்னவனின் காய்ந்த செருப்பு. விருந்தாளி என்று சொல்லிக்கொண்டவன் கேட்காமலே விளக்கு சுவிட்ச்சைச் சரியாகத் தொட்டது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் நாவலின் எண்ணையும் பக்கத்தையும் சொல்லிக்கொண்டே வந்தேன். படியேறி இறங்குகிறவர்கள் இரண்டு பெண்களுக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று ஒதுங்கிப் போனார்கள். சாரின் துப்பறியும் மூளை என்று இருபத்தாறு வருடம் நான் கையெடுத்துக் கும்பிட்டது இந்தப் படியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தது. எனக்கு அவரை 'அக்கா' என்று கூப்பிடவே கூச்சமாகிவிட்டது.

"அதையெல்லாம் அப்படியேவா எழுதினாரு?" என்றார் அக்கா.

"ஒரு வார்த்தை மாத்தல."

மறுநாள் பத்து மணிக்கு அக்கா வரவில்லை. பென்சில் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, என் மடித்த தாளைத் தன் பலகையில் செருகினார். சாருக்கு முதுகில் தலையணை கொடுத்து உட்காரவைத்தார்கள். நான் திரை ஓரத்தில், அவர் பார்வை படாத இடத்தில் நின்றேன்.

மகனை உள்ளே விடும் முன் பென்சில் அவனிடம் கையை நீட்டினார். "கடிகாரத்தைக் கழட்டிக் குடுங்க." அவன் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு போய் நின்றான். சார் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"வாட்ச்."

பென்சில் தாளில் ஏதோ குறித்தார். மகன் தன் வெறும் மணிக்கட்டைத் தடவியபடி என் பக்கத்தில் வந்து நின்று, "வாட்ச்னா யாரு ஆன்ட்டி?" என்று காதில் கேட்டான். சொன்னேன். எல்லாரும் தப்பாகவே நினைக்கிற, கடைசியில் நல்லவனாகத் தெரியவருகிற பிள்ளை என்று. அவன் அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

டாக்டர் அன்று என்ன தகராறோ, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தில் சிரிப்பே இல்லை. சார் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு "சிரிப்பு" என்றார். கண்ணாடியைக் காட்டினார்கள். கோணிய வாயையும் சவரம் செய்யாத தாடையையும் சார் நிதானமாகப் பார்த்தார். "முதல் பக்கம்" என்றார். அழவில்லை. பிணத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கிற குரலில்தான் சொன்னார்.

திரையை விலக்கிக்கொண்டு ஊழியப் பெண் டீயோடு வந்தாள். எவர்சில்வர் தட்டு, மேலே இரண்டு கோப்பை. தட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. சார் அதைப் பார்த்தார். உதடு அசைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கூட்டம்."

கண்ணைத் திறந்தபோது பென்சிலின் கை பலகை மேல் அப்படியே நின்றுபோயிருந்தது. "மறுபடி காட்டுங்க" என்றார். அந்தப் பெண் தட்டைச் சாரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கூட்டம், கூட்டம்" என்று சார் எரிச்சலோடு இடது கையால் அவளை ஒதுங்கச் சொன்னார். அவர் கண் அவளைத் தாண்டித் திரையின் இடுக்கையே பார்த்தது.

அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்க் இல்லை, பை இல்லை, இரண்டு கையும் வெறுமையாகத் தொங்கின. எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அவர் ரகம்.

சாரின் முகம் முழுவதும், விழுந்துபோன பாதிகூட, அந்தப் பக்கம் திரும்பியது.

"தட்டு" என்றார். "தட்டு. தட்டு."

ஒரு மனிதன் மூளை பாதி இருண்டு கிடக்கும்போதும், பளபளக்கும் தட்டை ஒதுக்கித் தள்ளிவிட்டு, வெறுங்கையோடு நிற்கும் ஒருத்தியைக் கண்டுபிடிக்கிறான். முந்நூற்றுப் பன்னிரண்டு நாவலில் எந்தத் துப்பும் செய்யாத வேலை அது. பென்சில் என் தாளைப் பிரித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நிறுத்தினார்.

"நீங்க ஒருத்தர்தான் பாக்கி. முன்னாடி வாங்க."

போய் நின்றேன். 'கூட்டம்' என்று சொல்லப்போகிறார், ஆறுக்கு ஆறு என்று தயாராக இருந்தேன். சார் என்னைப் பார்த்ததும் வேலையாள் வந்துசேர்ந்த முதலாளிபோல் ஒரு பெருமூச்சு விட்டார். தலையை மறுத்து ஆட்டுவதுபோல் இரண்டு முறை அசைத்தார். எந்த ரகத்திலும் இல்லாத ஒரு சொல்லைத் தேடித் தேடி எடுத்தார்.

"பேர்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் இடது கை மெல்ல மேலே எழுந்தது. நடுங்கும் சுட்டுவிரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று, மேலே ஒன்று. ஒரு சின்னக் கட்டம். பிறகு அதே விரலால் அக்காவைக் காட்டினார்.

"பேர்?" என்றார் என்னிடம்.

நிரப்பச் சொல்கிறார். இருபத்தாறு வருடமாக அவர் காலியாக விட்ட இடத்தையெல்லாம் நிரப்பியவள் நான்தானே. ஆள் யார் என்று அவருக்குத் தெரிகிறது, அவள் இல்லாமல் முடிவில்லை என்றும் தெரிகிறது. எழுத்து மட்டும் வரவில்லை, அதற்கு ஆள் வந்துவிட்டாள் என்று காத்திருக்கிறார்.

பென்சிலைத் திரும்பிப் பார்த்தேன். சோதனையில் யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அவர் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டார். "சோதனை முடிஞ்சது, தேறிட்டாரு" என்றார், குரல் கரகரத்தது. "சொல்லுங்க."

யாருக்கும், கூட்டத்தில் நிற்பவளுக்குக்கூட வைக்கக்கூடாது என்று அவர் தடுத்து வைத்திருந்த பெயர். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மை மங்கிக் கிடக்கும் அந்தப் பெயரை நான் ஒருநாளும் எந்தக் கட்டத்திலும் எழுதியதில்லை. இங்கேயும் எழுதமாட்டேன். அவர் காதருகே குனிந்து, திருத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

சார் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். முதல் முயற்சியில் முதல் எழுத்து மட்டும் வந்தது. இரண்டாவதில் பாதி வந்து நாக்கு மடங்கிக்கொண்டது. மகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானும் வாயை அசைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் முறை, கோணலாக, ஓர் எழுத்து வழுக்கி, ஆனாலும் முழுதாக அந்தப் பெயர் வெளியே வந்தது. என் இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக ஒரு பிழையைத் திருத்தத் தோன்றாமல் விட்டேன்.

"இங்கதான் இருக்கேன்" என்றார் அக்கா.